அதிகாரி பார்க்க வேண்டிய அடுப்பு

அந்த அடுப்பை நான்தான் என் கையால் போட்டேன். ஏரியிலிருந்து ஒரு கூடை களிமண் சுமந்துவந்து, வைக்கோல் துணுக்கு சேர்த்து மிதித்து, மூன்று குமிழ் வைத்து, நிழலில் காயவிட்டு, சாணி போட்டு மெழுகியது வரை எல்லாம் நானே. யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் இதைச் சொல்ல ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் பாதியிலேயே என் தம்பி பெண்டாட்டியைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அவளைத் திட்டுவதாக இருந்தால் அதற்கு நான் இருக்கிறேன், வேறு யாரும் வேண்டாம்.

நாங்கள் இருப்பது சங்கராபுரத்துக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் ஓர் ஊர். ஓட்டு வீடு. தம்பி, அவன் பெண்டாட்டி, அவர்கள் மகள், நான் என்று நாலு பேர். என்னை நைனார்பாளையம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் அந்த ஆள் இன்னொருத்தியைக் கூட்டிவந்து என் எதிரிலேயே உட்கார வைத்தான். ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டேன். கூப்பிட அவனும் வரவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த தம்பிக்குச் சோறாக்கிப் போட்டு ஆளாக்கியது நான். அவனுக்குப் பெண் பார்த்ததும் நான். ஆக, இருபது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டு அடுப்பு என் கையில் இருந்தது.

அடுப்படியில் எனக்கு ஒரு சட்டம் உண்டு. விளக்கு வைத்த பிறகு உப்பு வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. உறைமோர், ஊசி எல்லாம்கூட அப்படித்தான், ஆனால் உப்பில் நான் ரொம்பக் கண்டிப்பு. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பொழுது சாய்ந்து கிண்ணத்தோடு வந்து நின்றபோது, “காலையில வாங்கக்கா” என்று அனுப்பிவிட்டேன். “உங்க வூட்டு மகாலட்சுமி உப்பு டப்பாவுலதான் குந்திக்கினு இருக்காளா?” என்று கேட்டுவிட்டுப் போனவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தம்பி பெண்டாட்டி வந்த புதிதில் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். “நம்ம வூட்டுக்குள்ள எந்நேரமும் எடுத்துக்கலாம். அடுத்த வூட்டுக்குன்னா வெளக்கு வைக்கறதுக்கு முன்னாடி.” அவள் என்னை அண்ணி என்று கூப்பிடுவாள். “சரிங்கண்ணி” என்று தலையாட்டினாள். ஒருதரம் சொன்னால் மறக்க மாட்டாள்.

தம்பி ஒரு குட்டியானை வண்டி வைத்திருந்தான். வெள்ளிமலைக்கு மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கொண்டுபோவான். சாமை, தினை, பலாப்பழம் என்று பருவத்துக்கு ஏற்ற லோடும் கிடைக்கும். நோய் வந்து ஊரடங்கு போட்டபோது அது எல்லாம் நின்றது. ஊரடங்கை எடுத்த பிறகும் ஓடவில்லை. ஆலைக்காரர்கள் கிழங்கு வேண்டாம் என்றார்கள். மலையில் கிழங்கைப் பிடுங்காமல் அப்படியே மண்ணில் விட்டுவிட்டதாகச் சொன்னான். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள் எல்லாம் மூட்டையோடு திரும்பி வந்து, ஏரிக்கரை வேப்பமரத்தடியில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி எங்கள் வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதன்மேல் கோழி ஏறி அடைந்தது.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது ரேஷன் கடைதான். அதில் எனக்கு மாற்றுப் பேச்சே கிடையாது. விலையில்லாத அரிசி, நிவாரணப் பணம், மளிகைப் பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அது வராமல் போயிருந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டில் உலை கொதித்திருக்காது. வேலைக்கு நூறு நாள் வேலை இருந்தது. பெங்களூரில் மேஸ்திரியாக இருந்தவன்கூட வெட்கப்பட்டுக்கொண்டே மண்வெட்டி பிடித்தான். ஆனால் எல்லாமே அட்டைக்கு இவ்வளவு என்றுதான் வந்தது. அட்டையில் நாலு பேர் இருந்தாலும் பணம் ஒன்று, பை ஒன்று. நூறு நாளும் குடும்பத்துக்கு நூறுதான், நாங்கள் மூன்று பெரியவர்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அரசாங்கத்துக்கு ஆளைத் தெரியாது, அட்டையைத்தான் தெரியும்.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் அட்டையைப் பிரித்தார்கள். மேலத்தெருவில் மாமியாரும் மருமகளும் பிரிந்தார்கள். அண்ணன் தம்பி பிரிந்தார்கள். எல்லாம் காகிதத்தில்தான், வீட்டுக்குள்ளே ஒரே பானை. ஒருநாள் தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெகுநேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, உன் பேருக்கு ஒரு அட்டை தனியா போட்டுடலாமா?”

“போடேன். அதுக்கு ஏன் மாப்பிள்ளை மாதிரி நெளியற?”

எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. என் பேருக்கு ஒன்று தனியாக வரப்போகிறது, அதை நான் இந்த வீட்டுக்குக் கொடுக்கப்போகிறேன். டிரங்குப் பெட்டியோடு வந்தவளிடம் கொடுக்க வேறு என்ன இருந்தது?

சங்கராபுரத்தில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர்தான் எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே எல்லா விண்ணப்பமும் போடுகிறவர். முதலில் தம்பி அட்டையிலிருந்து என் பெயரை எடுக்க வேண்டும் என்றார். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார், நான் எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டேன். அப்புறம் புது அட்டைக்கு எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்.

“தனி சமையல் இருக்கணும்மா. ஆர்.ஐ., அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், நேர்ல வந்து பாப்பாங்க. அடுப்புல கை வச்சே பாப்பாங்க. அக்கம்பக்கத்துலயும் விசாரிப்பாங்க. ஒண்ணாத் துன்றாங்கன்னு யாராவது சொல்லிட்டாங்கன்னா அட்டை கேன்சல்.”

“எப்ப வருவாங்க?”

“இன்னிக்கும் வரலாம், அடுத்த மாசமும் வரலாம்.”

அதே வாரம் மேலத்தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படி வந்தே விட்டார்கள். நேற்று வாங்கிவைத்த ஸ்டவ்வைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிழவி, “அதுவா, ஒரே சட்டியிலதான் துன்னுதுங்க” என்று சொல்லிவிட்டாள். விண்ணப்பம் தள்ளுபடி. அதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் பயம் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஏமாற்றத் தெரியாத ஜனங்கள். மற்றவர்கள் பொய்யைப் பொய்யாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது வரவில்லை, மெய்யாகவே செய்துவிட்டோம்.

கொல்லைப்புறத்தில் கிழங்கு மூட்டையும் பழைய டயரும் போட்டுவைத்திருந்த ஒரு தகரக் கொட்டகை. அதை ஒழித்துப் பெருக்கினோம். அங்கேதான் அந்த அடுப்பைப் போட்டேன். தம்பி பெண்டாட்டி தன் கையாலேயே ஒரு சின்னப் பானை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு எண்ணெய்ப் புட்டி எடுத்துக் கொடுத்தாள். முதல் நாள் நாங்கள் ரெண்டு பேரும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பற்றவைத்தோம். மகள்கூட வந்து, கூட்டாஞ்சோறு விளையாட்டு என்று நினைத்துக் குதித்தாள். தம்பி வாசலில் நின்று சொன்னான்.

“ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவட்டும்க்கா. அன்னிக்கே பழையபடி ஒண்ணாத் துன்னலாம்.”

அந்த வாக்கைத்தான் நான் இடுப்பில் முடிந்துவைத்துக்கொண்டேன். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் ஒரு மாதம் என்று கணக்கு.

தனி ஒருத்திக்கு உலை வைக்க எனக்குத் தெரியவில்லை. கை பழக்கதோஷத்தில் நாலு பேருக்கு அள்ளியது. தினமும் பானை நிறையச் சோறு. மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுநாள் காலையிலும் மதியமும் சாப்பிட்டேன், அப்படியும் தீரவில்லை. ஒரு சொம்பு அரிசியை எடுத்து, அதில் பாதியைத் திரும்பக் கொட்டி, அதிலும் பாதியைக் கொட்டி, மிஞ்சியதைப் பார்த்தால் கோழிக்குப் போடுகிற அளவுக்குத்தான் இருந்தது. இவ்வளவுதானா ஒரு ஆள் என்று இருந்தது.

முதல் மாதம் குழம்பு வந்துகொண்டுதான் இருந்தது. தம்பி பெண்டாட்டி முந்தானைக்குள் கிண்ணத்தை மறைத்து எடுத்துவருவாள். அக்கம்பக்கம் பார்த்து நாளைக்கு வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே. என் ரசத்தை நானும் அப்படியே அனுப்புவேன். எங்கள் வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்குள்ளேயே கள்ளச்சாராயம் மாதிரி போய்வந்தது. ரெண்டாம் மாதம், ஆபீசர் விடியற்காலையில்கூட வருவாராம் என்று யாரோ சொன்னதால், என் படுக்கையும் கொட்டகைக்கு வந்தது. டிரங்குப் பெட்டியும் வந்தது. தம்பி மகளுக்கு அப்போது ஏழு வயசு. பிறந்ததிலிருந்து என் பக்கத்தில் படுத்தவள். அவளை உட்கார வைத்து, யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தம்பி பாடம் சொல்லிக்கொடுத்தான்.

“அத்தை யாரு?”

“எங்க அத்தை.”

“அது இல்ல. அத்தை வேற வூடுன்னு சொல்லணும். எங்க சொல்லு.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நாலு நாள் சொல்லிக்கொடுத்தும் அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நூறு நாள் அட்டை ஊராட்சி ஆபீசிலேயே சீக்கிரம் பிரிந்துவிட்டது. அதனால் நான் என் பேருக்கு ஏரி வேலைக்குப் போனேன், தம்பியும் அவளும் அவர்கள் பேருக்கு. அந்தக் கூலியில்தான் என் அரிசியையும் வாங்கிக்கொண்டேன். ரேஷன் அட்டைதான் நின்றது. ஒருதரம் தேர்தல் என்றார்கள். ஒருதரம் குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் வருகிறது, அதுவரை புது அட்டை கிடையாது என்றார்கள். நான் எந்த அட்டையிலும் இல்லாதவளாக நின்றேன். பொங்கலுக்குக் கரும்பும் சர்க்கரையும் கொடுத்தபோது தெருவே வரிசையில் நின்றது. நான் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தம்பி அவன் கரும்பில் பாதியை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட முடியவில்லை, பல்வலி என்று சொன்னேன்.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. மழைக்காலம். ரெண்டு நாளாக ஏரி வேலை இல்லை, விறகெல்லாம் நனைந்து புகைந்து கண் எரிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி மகள் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். மோந்து பார்த்தேன். முந்தின நாளுது. அவளுக்கும் மழையில் ஆக்க முடிந்திருக்காது, இருந்ததைச் சூடு பண்ணிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? கொல்லைக்கு நடுவில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன்.

“ஊசிப்போனதக் குடுத்தனுப்ப நான் இன்னா பிச்சைக்காரியா? எனக்கு ஆக்கித் துன்னத் தெரியும். இனிமே ஒண்ணும் அனுப்ப வேணாம்.”

கிண்ணத்தை ணங்கென்று கல்லின்மேல் வைத்தேன். தம்பி பெண்டாட்டி வெளியே வந்து, அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பதிலுக்கு ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சண்டை போட்ட வீட்டில்தான் சமாதானமும் நடக்கும். அவள் ஒருதரம் சொன்னால் மறக்க மாட்டாள் என்று முன்பே சொன்னேன். அதன் பிறகு குழம்பு வரவில்லை.

போய்ப் பேசியிருக்கலாம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதுதான். எப்படியும் ஆபீசர் வந்துவிட்டுப் போனால் ஒரே பானைதானே, அப்போது தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு சமாதானம். என் ரோஷத்தைக் கீழே இறக்கிவைக்கவும் நான் அந்த ஆபீசரைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரும் என்னைத் தனியாக எழுத ஆரம்பித்தது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வரி போடுவார்கள், தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று. அந்த வருஷம் நாட்டாமை நோட்டோடு கொட்டகை வாசலுக்கும் வந்தார். புருஷன் இல்லாமல் தனியாக இருக்கும் பெண்களுக்கு அரை வரி என்பது எங்கள் ஊர் வழக்கம்.

“நான் எங்க தனியா இருக்கேன்? தம்பி வூட்டோடதான்” என்றேன்.

“தனியா ஆக்கித் துன்றியே” என்றார். பின்னால் நின்ற எதிர்வீட்டு அக்கா, “எலி வளையானாலும் தனி வளை, உனக்கு இன்னாடி கொற?” என்றாள். கிண்டலா, நிஜமாகச் சொன்னாளா தெரியவில்லை. அரை வரி கொடுத்தேன். கிடா வெட்டி வீட்டுக்கு வீடு பங்கு அனுப்பினபோது என் பங்கு தனியாக, இலையில் கட்டி வந்தது. அரைப் பங்கு. அதைக் கழுவ உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் எங்கள் வீட்டு அடுப்படியில் மசாலா அரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தேங்காயைக் கொஞ்சம் பெரிசாக அரைக்கிறாள், இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் வண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. ஒருநாள் தம்பி, “சும்மா குந்திக்கினு இருக்கியே, வாயேன் மலைக்கு” என்று கூப்பிட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறித் திணறி ஏறியது. வெள்ளிமலையில் சாரல். ஒரு மலைக்கார அம்மா சாமை அளந்து கொடுத்தாள்.

“எத்தினி பேருக்கு?” என்று அவள் கேட்டபோது நான் தம்பியைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான்.

“எல்லாருக்குந்தான்” என்றான் தம்பி.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் இலையில் வைத்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தான். சின்ன வயசில் நான் அவனுக்கு வைத்தது அப்படித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன், காரம் என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

“கஷ்டமா இருக்குதாக்கா?”

“எனக்கு இன்னா கஷ்டம்? நீ துன்னு.”

“ஆபீசர் வந்துட்டாப் போதும்க்கா. எல்லாம் பழையபடிதான்.”

அவன் பொய் சொல்லவில்லை. அந்த மலையில், அந்தச் சாரலில், அந்த வார்த்தையை அவன் முழு மனசாகத்தான் சொன்னான். நானும் முழு மனசாக நம்பினேன். கீழே வந்து இறங்கியதும் அவன் முன்வாசல் வழியாகப் போனான், நான் சாமைப் பையோடு பின்பக்கமாகச் சுற்றிப் போனேன்.

மூன்றாவது பொங்கலும் போன பிறகு ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஆர்.ஐ. வந்தார். அடுப்பில் கை வைத்துப் பார்க்கும் முரட்டு மீசைக்காரர் ஒருவரை நான் மனசில் வைத்திருந்தேன். வந்தது ஸ்கூட்டியில் ஒரு சின்னப் பொண்ணு. தோளில் பை, முகமெல்லாம் தூசி. தம்பி ஓடிவந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தம்பி பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். அன்று பள்ளிக்கூடம் லீவு, மகளும் இருந்தாள்.

கொட்டகைக்குள் குனிந்து வந்து சுற்றிப் பார்த்தார். தகரத்தில் படிந்திருந்த கரியை விரலால் தொட்டார். சாம்பலைப் பார்த்தார். ஒரு பானை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கயிற்றில் தொங்கிய ஒரு புடவை. வெளியே வந்து மகளிடம் கேட்டார்.

“அத்தை எங்க சாப்புடுவாங்க?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது சிரிப்பு வருமா என்று பார்த்தேன். மனசுக்குள் நான் வேண்டிக்கொண்டிருந்தது அதைத்தான். அவள் ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருக்கும்.

“அவங்க வூட்டுலதான்” என்றாள். அவளுக்குப் பத்து வயசாகியிருந்தது, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். பாடம் ஒப்பிக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அதுதான் நிஜம்.

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பினார். “நீங்க தனியாத்தான் இருக்கீங்களாம்மா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. இவன் என் தம்பி, இது என் வீடு, இந்த அடுப்பு உங்களுக்காகப் போட்டது, நீங்கள் மூன்று வருஷம் தாமதமாக வந்துவிட்டீர்கள், இதை இடித்துவிட்டு நான் உள்ளே போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தனியாத்தான் மேடம்” என்றேன்.

அவர் ஃபோனில் அடுப்பைப் படம் எடுத்தார். அப்புறம் என்னை அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். கிளம்பும்போது, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

“நெறைய வூட்டுல எங்கள ஏமாத்துவாங்கம்மா. நேத்து வச்ச அடுப்பக் காட்டுவாங்க. உங்களுது அப்பிடி இல்ல, பாத்தாவே தெரியுது. கண்டிப்பா கெடைக்கும்.”

தம்பி அவரைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “முடிஞ்சுதுக்கா, ஒரு பாரம் எறங்குச்சு” என்றான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து அவன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. மூன்று வருஷமாக அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, மேலே கிழங்கு லோடு காத்திருக்கிறது, நாளைக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மறைத்தான் என்று சொல்ல மாட்டேன். மறந்துவிட்டான். மறைத்திருந்தாலாவது சண்டை போடலாம்.

அன்று மாலை நான் உலை வைக்கவில்லை. குளித்து, வேறு புடவை கட்டிக்கொண்டு, கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடுவாள் என்று இருந்தேன். குக்கர் விசில் கேட்டது, தாளிக்கிற வாசனை வந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. அவள் விளக்கு வைத்து, மணி அடித்தாள். அவள் ஏன் கூப்பிட வேண்டும், அனுப்ப வேண்டாம் என்று கத்தியவள் நான்தானே, நானே போகலாம் என்று எழுந்தேன். என் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டு போக வெட்கமாக இருந்தது, முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

பின்வாசல் வழியாக உள்ளே போனேன். தாயும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு தட்டு. குக்கரில் சோறு அடிமட்டத்தில் இருந்தது, ரெண்டு பேருக்குச் சரியான அளவு. அளவு தப்பாதவள். என்னைப் பார்த்ததும் தம்பி பெண்டாட்டி சட்டென்று எழுந்தாள், விருந்தாளி வந்தால் எழுந்திருப்பதுபோல.

“வாங்கண்ணி. இன்னா, இன்னும் ஒல வைக்கலீங்களா?”

அவள் குரலில் ஒரு துளி விஷம் இல்லை. நிஜமான அக்கறைதான். என் நாக்கு எனக்குத் துணை நின்ற ஒரே ஒரு தரம் அதுதான். எதுவும் கத்தவில்லை.

“வச்சிட்டேன்மா. உப்பு தீந்துபோச்சு. கொஞ்சம் வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்.”

அவள் உப்பு டப்பாவைப் பார்த்தாள், சாமி மாடத்தில் எரிந்த விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சங்கடப்பட்டாள்.

“வெளக்கு வச்சிட்டனே அண்ணி. காலையில வந்து வாங்கிக்கறீங்களா?”

“ஆமாமா, மறந்தே போனேன்” என்றேன்.

“நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க” என்று சின்னதாகச் சிரித்தாள்.

“நல்லா ஞாபகம் வச்சிருக்க” என்று நானும் சிரித்தேன். முந்தானைக்குள் தட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பினேன்.

கொட்டகையில் உப்பு ஜாடி முக்கால்வாசி இருந்தது. விறகு நல்ல காய்ந்த விறகு, உடனே பிடித்துக்கொண்டது. சொம்பில் கை விட்டு அரிசி அள்ளிப் போட்டேன். அளக்கவில்லை. வெந்ததும் பார்த்தேன், ஒரு ஆளுக்குச் சரியாக இருந்தது.